திரையில் பார்த்த நிலத்தைத் தேடிப் போக: கோவையைச் சுற்றி ஒரு வாரப் பயணத் திட்டம்

படம் பொள்ளாச்சியில் எடுத்தது என்று தெரிந்ததும் கிளம்பி வந்துவிடுகிறவர்கள், பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்கும்போதுதான் இனி எங்கே போவது என்று யோசிக்கிறார்கள். ஆட்டோக்காரருக்கு ஆழியாறு அணை தெரியும், மாசாணியம்மன் கோயில் தெரியும். நாயகி குடத்தோடு நடந்து வந்த வாய்க்கால் கரை எது என்று கேட்டால் தலையைச் சொறிவார். அவர்மேல் தப்பில்லை. சினிமாக்காரர்களுக்குப் பொள்ளாச்சி என்பது ஒரு ஊர் அல்ல. சேத்துமடையில் தொடங்கி உடுமலை தாண்டித் திருமூர்த்தி மலை வரை நீளும் தோப்பும் வயலும் மலையடிவாரமும் சேர்ந்தது. அதில் எந்த வரப்பில் கேமரா நின்றது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே பட்டியல் போடும்போது படத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதாதீர்கள். ஷாட்டை எழுதுங்கள். ஒரு வாரப் பயணத்துக்கு 8 முதல் 10 ஷாட் போதும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வைத்தால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

ஷாட்டைக் குறித்துக்கொள்வது

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதன் கீழே மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, 30 வருடம் ஆனாலும் மாறாதவை: மலை முகடு, பாறை, அணைச்சுவர், ரயில் நிலையக் கட்டடம், கோயில் கோபுரம். இரண்டாவது வரி, மாறக்கூடியவை: மரம், பயிர், தண்ணீர் மட்டம், மின்கம்பம். மூன்றாவது வரி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம். முதல் வரியில் எழுத ஒன்றுமே இல்லாத ஷாட்டை விட்டுவிடுங்கள். வெறும் தென்னந்தோப்பும் வானமும் உள்ள ஃப்ரேமைக் கண்டுபிடிக்கவே முடியாது. தப்பித்தவறிக் கண்டுபிடித்தாலும் அங்கே இப்போது வேறு தோப்புதான் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயால் வெட்டப்பட்ட தென்னைகள் ஏராளம்.

ஸ்க்ரீன்ஷாட்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பழைய படங்களின் பாடல் காட்சிகள் பல, டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட பிரதியிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்டவை. சினிமாஸ்கோப் படத்தின் ஓரத்தில் இருந்த பாறையும் மலைச்சரிவும் அதில் காணாமல் போயிருக்கும். இடத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த ஓரம்தான். முழு அகலமும் உள்ள பிரதி கிடைக்கும் வரை தேடுங்கள்.

கதை நடந்த ஊர் வேறு, கேமரா நின்ற ஊர் வேறு

வீண் பயணங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தின் தாராவியில் பெரும்பகுதி சென்னை ஸ்டுடியோவில் போட்ட செட். ‘ரோஜா’வின் காஷ்மீர், மணாலியும் நீலகிரியும். ‘பொன்னியின் செல்வன்’ பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் திரையில் பார்த்த அரண்மனைகளும் படித்துறைகளும் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவிலும் மகேஷ்வரிலும் இருக்கின்றன. ‘பாகுபலி’யின் மகிழ்மதி ராமோஜி ஃபிலிம் சிட்டியில் எழுந்தது. அதில் வரும் அருவிக்கு அதிரப்பள்ளிதான் அடிப்படை என்றாலும், வானத்தை முட்டும் உயரம் கம்ப்யூட்டர் கொடுத்தது. நிஜ அருவி சுமார் 80 அடி.

கொடைக்கானல் குணா குகையின் கதை இன்னும் சுவாரசியம். ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர், 1991இல் ‘குணா’ வந்த பிறகு வழக்கொழிந்து, படத்தின் பெயரே இடத்துக்கு நிலைத்துவிட்டது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் தேடிய குகையின் உட்புறம், கேரளத்தில் பெரும்பாவூரில் கட்டிய செட். கொடைக்கானலில் பார்க்கக் கிடைப்பது வேலியும், அதற்கு இந்தப் பக்கம் தரையில் பின்னிக்கிடக்கும் வேர்களும்தான். அந்த வேர்களே பார்க்கத் தகுந்தவை. ஆனால் குகைக்குள் இறங்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்; அந்தப் பிளவுகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

பாடல் காட்சியென்றால் கூடுதல் சந்தேகம் தேவை. பல்லவி ஒரு மாவட்டம், சரணம் இன்னொரு மாவட்டம் என்பது சகஜம். ‘ரோஜா’வில் நாயகி அறிமுகமாகும் பாடலில் பாபநாசத்துக்கு மேலே உள்ள பாண தீர்த்தமும் உண்டு, ஒகேனக்கலும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு நாள் பயணம். வெட்டு விழும் ஒவ்வொரு இடத்திலும் ‘புது ஊர்’ என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இடத்தை உறுதி செய்வது

படத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ ஓடும் நன்றி அட்டைதான் முதல் சான்று. எந்த மாவட்ட நிர்வாகம், எந்த வனக்கோட்டம், எந்த வீட்டு உரிமையாளர் என்று அங்கே இருக்கும். அடுத்தது ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் பேட்டிகள். நடிகர்கள் ஊர்ப்பெயரைக் குழப்பிக்கொள்வார்கள், இவர்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ‘இங்கேதான் எடுத்தார்கள்’ என்று வீடியோவில் ஒருவர் கை காட்டுவது சான்று ஆகாது. ஒருவர் காட்டியதையே பத்துப் பேர் காட்டுவார்கள்.

பெயர் கிடைத்த பிறகு கூகுள் எர்த்தைத் திறந்து, பார்வையைத் தரைக்கு அருகே கொண்டுவந்து, கிடைமட்டமாகச் சாய்த்து, மலை முகட்டின் கோட்டை ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். எத்தனை மேடு, எங்கே பள்ளம், எந்த முகடு எதற்கு முன்னால் நிற்கிறது. மரமும் வீடும் பொய் சொல்லும், முகடு சொல்லாது. முகட்டில் மூன்று புள்ளிகள் பொருந்தினால் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் போனபின் குறித்த புள்ளி மட்டுமே துணை.

மலை எந்தத் திசையில் இருக்கிறது?

மாதத்தையும் நேரத்தையும் முடிவு செய்ய இந்த ஒரு கேள்வி போதும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

பொள்ளாச்சிக்கு ஆனைமலைத் தொடர் தெற்கே. அதாவது, பின்னணியில் மலை தெரியும் ஃப்ரேம் என்றால் கேமரா தெற்கு நோக்கி இருந்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியனும் தெற்கிலேயே சாய்ந்து போவதால் நடுப்பகலில் மலை வெளிறிப் புகைமூட்டமாகத் தெரியும். முன்னால் நிற்பவர் முகம் கருத்துப்போகும். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை பொள்ளாச்சியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்திருக்கும். அப்போது மேகம் விலகினால் மலையின் மடிப்புகள் எல்லாம் தெளியும். மற்ற மாதங்களில் காலை 7 முதல் 9 வரை, அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

கோபிசெட்டிபாளையத்துக்கு நேர்மாறு. சத்தியமங்கலம் மலை வடக்கே. குளிர்காலத்தில் நாள் முழுக்க சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று மலைக்கு வெளிச்சம் போடும். ஒரே பயணத்தில் ஒரே மாதத்தில் இரண்டு ஊருக்கும் போகும்போது, கோபியில் பகலெல்லாம் அலையலாம். பொள்ளாச்சியில் பகலில் தூங்கிவிட்டுக் காலையும் மாலையும் வெளியே வர வேண்டும்.

தென்காசிக்கு மலை மேற்கே. அங்கே காலைதான். இதன் இன்னொரு பயன் சூரியகாந்தி வயலில் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

எப்போது கிளம்புவது

கோவையைச் சுற்றிய வட்டத்தில் எல்லாம் ஒருசேர நன்றாக இருக்கும் மாதம் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதிரப்பள்ளி நிறைந்து விழும். ஆனால் வால்பாறையில் மழை அடித்துக்கொட்டும், அட்டை ஏறும், மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து நீலகிரி மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். மார்ச், ஏப்ரலில் ரயில் ஓடும், அருவி மெலிந்திருக்கும். மே மாதத்தில் ஊட்டியில் மலையைவிட மனிதத்தலை அதிகம்.

எங்கள் தேர்வு செப்டம்பர் பிற்பாதி. தென்மேற்கு மழை ஓய்ந்து வருகிறது, வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை, அருவியில் தண்ணீர் இருக்கிறது, புல்வெளிகள் பச்சையாக இருக்கின்றன. இரண்டாவது தேர்வு ஜனவரி: வானம் துல்லியம், அருவி சுமார்.

நெல்வயல் ஷாட்டுக்கு மாதத்தைப் பார்க்கக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் திறந்த தேதியைப் பார்க்க வேண்டும். கோபிப் பக்கம் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள்தான் பாசனம். தண்ணீர் திறப்புச் செய்தி நாளிதழ்களின் ஈரோடு பதிப்பில் வரும். நடவு முடிந்து 30 முதல் 50 நாள் வரை திரையில் பார்த்த அந்தப் பச்சை. அதற்கு முன்னால் சேறும் நாற்றும், 100 நாளுக்குப் பிறகு மஞ்சள். அறுவடைக்குப் பிறகு போனால் வெறும் தாள்.

யாருடைய மண்

ஷாட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலம் யாருடையது என்று எழுதுங்கள். படக்குழுவுக்கு அனுமதி கிடைத்த இடத்துக்கெல்லாம் நமக்கும் கிடைக்கும் என்று நினைப்பதால்தான் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்க நேர்கிறது.

காட்டுநிலத்தில் வனத்துறை டிக்கெட் கொடுக்கும் பகுதி தவிர வேறெங்கும் கால் வைக்கக் கூடாது. காப்புக்காட்டில் ட்ரோனை மறந்துவிடுங்கள். 250 கிராமுக்குக் குறைந்த குட்டி ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது காட்டுக்குப் பொருந்தாது. பாண தீர்த்தம் போன்றவை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன; அனுமதி நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

ரயில்வே நிலத்தில் பிளாட்பாரம் வரை சரி. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ‘தில் சே’ பாடலில் ஆடியதுபோல ரயில் கூரையில் ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தொல்லியல் துறைக் கோட்டைகளில் கையில் பிடித்த ஃபோனுக்குத் தடையில்லை; முக்காலியை விரித்தால் அனுமதிச்சீட்டு கேட்பார்கள்.

ஜமீன் வீடுகள், செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் ஒருவருக்குச் சொந்தமானவை. செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள்; விசேஷத்துக்கு மட்டும் திறப்பார்கள். காவலாளி சம்மதித்தார் என்பதற்காக மாடி ஏறாதீர்கள், அறைக்கதவைத் தள்ளாதீர்கள். காரைக்குடி அருகே ஆத்தங்குடி பெரிய வீடு போலக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் இருக்கின்றன. அவற்றில் தொடங்குவது மரியாதை. அங்கே முற்றத்துக்குள் நேர்வெளிச்சம் விழுவது காலை 11 முதல் பிற்பகல் 1 வரைதான். சுற்றியுள்ள தாழ்வாரம் இருட்டு, நடு முற்றம் கண்கூசும் வெளிச்சம் என்பதால், ஃபோன் திரையில் முற்றத்தின் தரையைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுப் படமெடுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு வேண்டியதில்லை. 2025 கோடையில் ஊட்டிக்கு வாரநாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். எனவே சீசனில் அறை பதிவதற்கு முன் பாஸ் எடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். வாடகை வண்டியென்றால் நம்பரை உறுதி செய்துகொண்டு எடுங்கள். கடைசி நேரத்தில் வேறு வண்டி வந்தால் அந்தப் பாஸ் செல்லாது. வால்பாறைக்கும் இ-பாஸ் தேவையா என்று கிளம்பும் வாரத்தில் இ-பாஸ் எடுக்கும் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஏழு நாள் வட்டம்

மலைச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள், வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

முதல் நாள் கோவையிலிருந்து கோபிக்கு, சுமார் 80 கி.மீ. பிற்பகல் 3 மணிக்குள் கொடிவேரி அணையில் இருக்க வேண்டும். மாலை கூட்டம் குறையும், வெளிச்சம் சாயும், ஆனால் மாலையோடு கதவையும் சாத்திவிடுவார்கள். 1991இல் ‘சின்னத்தம்பி’க்குப் பிறகு ஊரறிந்த இடம். அணையின் குறுக்குச்சுவர் மாறவில்லை. கரையில் தடுப்புக் கம்பிகளும் மீன் வறுக்கும் கடைகளும் வந்துவிட்டன. கடைகளை ஃப்ரேமிலிருந்து தள்ளினால் கம்பி உள்ளே வரும். கம்பியைத் தள்ள ஃபோனை அதற்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பவானிசாகரிலிருந்து உபரிநீர் விடும் நாட்களில் உள்ளே விட மாட்டார்கள், ஆகவே அன்று காலையே விசாரியுங்கள்.

இரண்டாம் நாள் காலை வாய்க்கால் கரை, வயல்கள். பிற்பகல் சத்தி வழியாக மேட்டுப்பாளையம். இரவு அங்கேயே தங்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் மலை ரயில் காலை 7.10க்கு. சென்னையிலிருந்து நேரே வருகிறவர்கள் முதலிரண்டு நாளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலையில் வந்து இறங்கி, இதே ரயிலைப் பிடிக்கலாம்.

மூன்றாம் நாள் மலை ரயில். 46 கி.மீ. தூரத்துக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, ஏற்றம் 12.28 அடிக்கு 1 அடி. அதுவரை நீராவி, குன்னூருக்கு மேல் டீசல். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும், திறந்த அன்றே தீர்ந்துவிடும். அன்று காலை எழுந்ததும் பதிவு செய்வதற்கு அலாரம் வையுங்கள்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று: ரயிலுக்குள் இருந்தால் ரயில் தெரியாது. படத்தில் ரயிலை வெளியிலிருந்துதான் காட்டினார்கள். ஆகவே உட்கார்ந்து போவதற்கு ஒரு பயணம், நின்று பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஏறும் வழியில் ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். இறங்கிப் பார்க்கலாம், கையில் தின்பண்டம் இல்லாமல், ஏனென்றால் குரங்குகள் காத்திருக்கும். மறுநாள் கேத்தி நிலையத்துக்குப் போங்கள். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியோடு பேசப்படும் சின்ன நிலையம். குன்னூர்–உதகை இடையே ஓடும் ரயில்கள் அங்கே நிற்கும். நேர அட்டவணை பார்த்து, ரயில் வருவதற்கு அரை மணி முன்பே பிளாட்பாரத்தின் முனைக்குப் போய் நில்லுங்கள். வண்டியை டிரைவர் பர்லியார் வழியாக மேலே கொண்டு வரட்டும். பாஸ் வண்டிக்குத்தான் என்பது நினைவிருக்கட்டும்.

நான்காம் நாள் காலை கேத்தி, பிறகு கூடலூர் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் புல்வெளிகள். நூற்றுக்கணக்கான டூயட்டுகள் ஓடிய மேடு இது. இன்ன பாடல் இன்ன சரிவு என்று பிரித்தறிய முயல வேண்டாம், அது வீண்வேலை. 10 மணிக்குள் போனால் பனிமூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் முந்திவிடலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள். பிற்பகல் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவதால், முதலிலேயே அப்படித் திட்டமிடுவது நல்லது. இரவு பொள்ளாச்சி.

ஐந்தாம் நாள் முழுக்கப் பொள்ளாச்சி. காலை ஆழியாறு, மாலை திருமூர்த்தி அணை. நடுவில் வெயிலேறியதும் அறைக்குத் திரும்புங்கள். சாலையோரப் புளியமரங்களின் குகை போன்ற நிழலைப் பழைய படத்தில் பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்: கோவைச் சாலையை அகலப்படுத்தியதில் அவை போய்விட்டன. கிராமச் சாலைகளில் ஆங்காங்கே மிச்சம் இருக்கின்றன.

ஆறாம் நாள் வால்பாறை, 64 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் காலை உணவை வளைவுகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு நீர்த்தேக்கம் கீழே முழுதாகத் தெரியும். முந்தின நாள் கீழிருந்து பார்த்த ஃப்ரேமின் மறுபக்கம் இது.

ஏழாம் நாள் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி. சுமார் 80 கி.மீ. காடு, வழியில் பெட்ரோல் பங்க் இல்லை, சிக்னல் இல்லை. சோதனைச்சாவடி மாலை 6 மணிக்கு மூடும்; அதற்குள் மறுமுனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும் என்பதால் பிற்பகலில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். காலை 8க்கே கிளம்புங்கள். பிளாஸ்டிக்கை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். யானை நடமாட்டம் இருந்தால் பைக்குகளைத் திருப்பி அனுப்புவதுண்டு. வாடகை வண்டிக்குக் கேரளப் பெர்மிட் செலவு யாருடையது என்பதைக் கோவையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும், சாவடியில் அல்ல.

அதிரப்பள்ளியில் இரண்டு கோணங்கள். ‘புன்னகை மன்னன்’ பார்த்தவர்கள் மனதில் இருப்பது மேல்விளிம்பு. ‘ராவணன்’ பார்த்தவர்கள் தேடுவது கீழே பாறைகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பது. மேலே தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும். கீழே இறங்கும் பாதை செங்குத்து, ஈரத்தில் வழுக்கும், தண்ணீர் மிகுந்த நாட்களில் மூடிவிடுவார்கள். சாலக்குடி ஆறு மேற்கு நோக்கிப் போவது. காலையில் அருவிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், பிற்பகலில்தான் நீரின் முகத்தில் விழும். முழு அருவியையும் ஒரே ஃப்ரேமில் எதிரிலிருந்து பார்க்க, சாலக்குடிச் சாலையில் சற்றுத் தூரம் இறங்கி வண்டியை ஓரங்கட்டினால் போதும். அங்கிருந்து சாலக்குடி ரயில் நிலையம் சுமார் 32 கி.மீ.

நின்ற இடத்தில் நிற்பது

சரியான ஊர், சரியான நேரம், ஆனாலும் ஃபோனில் பார்த்தால் படத்தில் வந்ததுபோல் இல்லை. மலை குட்டியாக, எங்கோ தூரத்தில் கிடக்கிறது. காரணம் லென்ஸ். சினிமாவில் தூரத்து மலையைப் பக்கத்தில் இழுத்துக் காட்ட 85 மி.மீ., 135 மி.மீ. போன்ற நீள லென்ஸைப் போட்டு, கேமராவைப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள். உங்கள் ஃபோனின் சாதாரணக் கேமரா 24 மி.மீ. அளவில் எல்லாவற்றையும் அகலமாக வாரிக்கொள்கிறது.

எனவே முதலில் காலால் இடத்தைப் பிடியுங்கள், பிறகு ஜூமால் ஃப்ரேமைப் பிடியுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் அருகே இருக்கும் ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள்: அணைச்சுவரின் முனையும் அதன் பின்னால் தெரியும் மலைப்பள்ளமும் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் பள்ளம் முனைக்கு இடப்பக்கம் இருந்து, உங்கள் கண்ணுக்கு வலப்பக்கம் இருந்தால், நீங்கள் இடப்பக்கமாக நகர வேண்டும். நீங்கள் நகரும் பக்கமே தூரப்பொருளும் நகர்வதுபோலத் தெரியும்; இதற்கு நேர்மாறாகத் தோன்றி எதிர்ப்பக்கம் போகிறவர்கள் உண்டு. இரண்டடி எடுத்துவைத்துப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும். இரண்டும் பொருந்திய பிறகு முன்னும் பின்னும் நடங்கள். முன்பொருளுக்கும் மலைக்கும் உள்ள உயர விகிதம் படத்தில் இருப்பதுபோல் வந்ததும் நில்லுங்கள். கேமரா நின்ற இடம் அதுதான். ஜூம் எவ்வளவு வைத்தாலும் அந்த விகிதம் மாறாது; நடந்தால் மட்டுமே மாறும். கடைசியில் ஜூம் செய்து, எடுத்த படத்தை மேலும் கீழும் வெட்டி, அகலத்தை உயரத்தைப் போல 2.35 மடங்கு ஆக்குங்கள்.

பின்னால் நடக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கிணறு, வாய்க்கால், சாலை மூன்றும் இந்த ஊர்களில் சகஜம். கேமரா கிரேன்மேல் இருந்திருந்தால் எவ்வளவு நடந்தாலும் பொருந்தாது. அடிவானம் தலைக்கு மேலே தள்ளி, தரை அதிகமாகத் தெரிந்தால் அதுதான் காரணம். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தனியாகப் போக வேண்டிய இரண்டு

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம், ஜூலை, ஆகஸ்ட். ‘அந்நியன்’ படத்துக்காக நடிகர்களின் முகங்கள் வரையப்பட்ட பாறை இன்றும் அந்தப் படத்தின் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. வண்ணம் மங்கி வருகிறது. சூரியகாந்தி மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். முற்றி மலர்ந்த பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே வயலின் கிழக்கு ஓரத்தில் காலை 7 மணிக்கு மேற்கு பார்த்து நின்றால், பூக்களெல்லாம் உங்களைப் பார்க்கும், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, இரண்டின் மேலும் நேர்வெளிச்சம். மாலை வந்தால் பூக்களின் முதுகுதான். வயல்காரரைக் கேட்டுவிட்டு, காசு கேட்டால் கொடுத்துவிட்டு, வரப்பிலேயே நில்லுங்கள். பூவுக்குப் பூ தேனீ இருக்கும். சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம். குற்றாலச் சாரலும் இதே மாதங்களில் என்பதால் அறை வாடகை எகிறும், வாரநாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றொன்று கேரளத்தின் வடகோடியில் பேக்கல் கோட்டை, ‘பம்பாய்’ பாடலில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கொத்தளம். மங்களூர் செல்லும் ரயிலில் காஞ்ஞங்காடு அல்லது காசர்கோட்டில் இறங்கினால் இரண்டிலிருந்தும் அரை மணிப் பயணம். பாடலில் வருகிற இருண்ட வானமும் பச்சையும் கொந்தளிப்பும் வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போக வேண்டும். ஜனவரியில் நீலவானமும் காய்ந்த புல்லும். நுழைவுச்சீட்டு 25 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 20. மழையில் செம்புராங்கல்லும் பாசிபிடித்த படியும் வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. கோட்டை மாலையில் மூடிவிடுவதால் கடலில் சூரியன் விழுவதை உள்ளேயிருந்து பார்க்கக் கிடைக்காத மாதங்கள் உண்டு. அதற்குப் பக்கத்துக் கடற்கரைக்கு இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் கோட்டையே ஃப்ரேமுக்குள் வந்துவிடும்.